துறையூர் செங்கமலம் பார்க்கிறார்

"நீங்க நீங்களா இருங்கக்கா, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் விஷ்வேஷ். நானாக இருக்க வேண்டுமாம். நானாக இருந்தால் இந்நேரம் இந்த வட்ட விளக்கைப் பிடுங்கி அவன் கழுத்தில் மாட்டி விட்டிருப்பேன். மணி பத்தே கால். பதினொன்றுக்கு லைவ். மின்விசிறி போடக் கூடாது, மைக்கில் காற்றுச் சத்தம் விழுமாம். ஜன்னலைத் திறக்கக் கூடாது, பக்கத்துப் பட்டறையின் தறிச் சத்தம் விழுமாம். இளம்பிள்ளையில் சேலைக்கடை வைத்துக்கொண்டு தறிச் சத்தம் கேட்கக் கூடாதென்றால் எங்கே போய் உட்காருவது, நிலாவிலா. கழுத்தில் பவுடர் களியாகிக்கொண்டிருக்கிறது. தோளில் குத்திய ஊக்கு சதையைத் தொடுகிறது. எடுத்துக் குத்தலாம், மடிப்புக் கலையும், கலைந்தால் அவன் வந்து "பரவால்லக்கா, கலைஞ்சே இருக்கட்டும், அதான் ரியலா இருக்கும்" என்பான். எது கலைந்தாலும் அவனுக்கு ரியல். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கண் சிவந்திருந்ததைப் பார்த்து, மாத்திரை போடுவதற்கு முன்னால் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டவன் அவன். கோயமுத்தூரில் படித்தவன், முப்பது வயது ஆகவில்லை, ஆன்லைன் வியாபாரத்துக்கு யோசனை சொல்கிறவன். "ஜனங்க சேலை வாங்க வரலக்கா, உங்களை வாங்க வர்றாங்க" என்று முதல் நாள் சொன்னான். அன்றைக்கு எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இப்போது அவன் சேலம் பேருந்து நிலையத்துக்குப் போயிருக்கிறான். துறையூர்ப் பேருந்தில் வந்து இறங்குகிற ஒரு பெண்ணைக் காரில் கூட்டி வரப் போயிருக்கிறான். என் திட்டுக்கு இன்று ஒரு வயது நிறைகிறது. திட்டு வாங்கியவளையே வரவழைத்துப் பிறந்தநாள் கொண்டாடுகிறோம். அவளைப் பற்றி ஒன்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எட்டாயிரம் பேர் பார்க்கப்போகிற லைவில் அவள் வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கூடாது, அதை நினைக்கக் கூடாது, சேலையை அடுக்கு. மேலே மாம்பழ மஞ்சள், அதன் கீழே மயில் கழுத்து, அதன் கீழே அந்தச் சாம்பல், சாம்பல் எவளும் எடுக்க மாட்டாள், ஆனாலும் நடுவில் ஒன்று இருந்தால்தான் மற்றது எடுபடும். புதுச் சேலையின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறுகிறது. போன வருடம் நான் திட்டிய அன்றைக்கும் இதே வாசம்தான். அன்றைக்கு இருந்தது வாடாமல்லி நிறம், எழுநூற்றைம்பது ரூபாய். ஒரு வருடமாக இந்த எண்ணை எங்கே பார்த்தாலும் கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன், மளிகைக்கடையில், பஸ் நம்பரில். அதற்கு முன்னால் இரண்டு வருடம் நான் எப்படி இருந்தேன் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா. "வாங்க தங்கங்களா, வாங்க கண்ணுங்களா, சாப்பிட்டீங்களா." முப்பது பேர் பார்ப்பார்கள், அதில் பத்துப் பேர் இதே தெருவில் கடை வைத்திருக்கிறவர்கள், என்ன விலை சொல்கிறேன் என்று வேவு பார்க்க. அதனால்தான் இங்கே யாரும் விலையை எழுதிக் காட்டுவதில்லை. எழுதினால் அதைப் போட்டோ பிடித்து, இருபது ரூபாய் குறைத்து, அடுத்த அரை மணியில் அவன் லைவ் போடுவான். வாயால் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். பார்க்கிறவள் விலை கேட்டு எழுதுவாள், மறுபடி சொல்ல வேண்டும், மறுபடி ஒருத்தி கேட்பாள். இந்தத் தொழிலில் தொண்டை போவது இதனால்தான். அன்று காலை இட்லித் தட்டோடு என் ஓரகத்தி எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "நாளு பூரா போனுகிட்டப் பல்லைக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா வூட்டு வேலை யாரு பாக்கறது?" என் வீட்டுக்காரர் குணசேகரன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் பாதி இட்லியோடு எழுந்து கை கழுவினேன். அதோடு போய் லைவில் உட்கார்ந்தேன், கண்ணுங்களா என்றேன், வாடாமல்லியை விரித்தேன், எழுநூத்தி அம்பது என்றேன். துறையூர் செங்கமலம் என்ற பெயரில் ஒருத்தி எழுதினாள்: விலை ப்ளீஸ். சொன்னேன். விலை ப்ளீஸ். சொன்னேன். முந்தானையைக் காட்டி மூன்றாவது தரம் சொன்னேன். அக்கா விலை ப்ளீஸ். எனக்குள் ஏதோ அறுந்தது. "ஏம்மா துறையூரு, காது என்ன செவிடா? எத்தன வாட்டி சொல்றது? எழுநூத்தி அம்பது! எழுநூத்தி அம்பது! வாங்கற மூஞ்சியா இருந்தா ஒரு வாட்டி சொன்னா போதும்! காதக் கழட்டி அடுப்புல வெச்சுட்டியா?" அந்தக் குரல் ஓரகத்திக்குப் போக வேண்டியது. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் ஒரு பங்கு போக வேண்டியது. துறையூருக்குப் போய்ச் சேர்ந்தது.

அதை எவனோ வெட்டிப் போட்டான். நாற்பது நொடி. இரண்டு நாளில் ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். திட்டக்கா என்று பெயர் வைத்தார்கள். அவள் பெயரும் திரையில் இருந்தது, வெட்டினவனுக்கு அதை மறைக்கத் தோன்றவில்லை, எனக்கும் மறைக்கச் சொல்லத் தோன்றவில்லை. துறையூர்க் காது என்று ஒரு பேச்சே ஆகிவிட்டது, வகுப்பில் கவனிக்காத பிள்ளையைப் பார்த்து, போன் எடுக்காத புருஷனைப் பார்த்து. நாலாவது நாள் காலை ஏழு மணிக்கு ஆர்டர் எடுக்கிற வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. முதலில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். அப்புறம் இது: "அக்கா நான் துறையூர் செங்கமலம். எனக்கு இருவத்தி ரெண்டு வயசுல காய்ச்சல் வந்து காது போயிருச்சுங்க. நீங்க சொன்னது எனக்கு கேக்காதுங்க. அதான் திரும்ப திரும்ப கேட்டேன். தப்பா நினைக்காதீங்க." தப்பா நினைக்காதீங்க! இதை எழுதுகிறவளை என்ன செய்வது? நாசமாய்ப் போ என்று எழுதியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு எழுதியிருப்பேன், அழுதிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். பூப் படம் வைத்து எழுதியிருக்கிறாள். பதில் எழுத உட்கார்ந்தேன். மன்னிச்சிருங்கம்மா என்று எழுதி அழித்தேன். அம்மாவா, அக்காவா, அவள் வயது என்ன. தெரியாமல் சொல்லிட்டேன் என்று எழுதி அழித்தேன், தெரிந்திருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பேன். சேலையை இலவசமாக அனுப்புகிறேன் என்று எழுதி அதையும் அழித்தேன், கேவலமாக இருந்தது. நாளைக்கு எழுதலாம் என்றேன். அன்று மாலை விஷ்வேஷ் வந்தான். "அக்கா, அந்தக் கோபம் இருக்கு பாருங்க, அதான் ஒரிஜினல் நீங்க. அதை விட்றாதீங்க." செய்தியை ஆர்க்கைவில் தள்ளினேன். நாளைக்கு என்பது ஒரு வருடம் ஆகிவிட்டது. அதைவிட மோசம், அவள் போகவில்லை. தினமும் பதினொன்றுக்கு லைவ் தொடங்கியதும் பெயர்கள் வரிசையாக வரும், அதில் துறையூர் செங்கமலம் வருகிறது. ஒரு வார்த்தை எழுதுவதில்லை, ஒரு சேலை கேட்பதில்லை. காது கேட்காதவளுக்கு என் லைவில் என்ன வேலை? என் வாய் திறப்பதையும் மூடுவதையும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறாள். ஒரு நாள் அவளை பிளாக் பண்ண விரலைக் கொண்டு போனேன். அழுத்தாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு அவள்மேல் வருகிற வெறுப்பு ஓரகத்திமேல்கூட வந்ததில்லை.

பத்து நாற்பது. ஏன் இன்னும் வரவில்லை. வராமலே போகட்டும். சீலநாயக்கன்பட்டி நெரிசலில் மாட்டிக்கொள்ளட்டும், கார் பஞ்சராகட்டும், கரண்ட் போகட்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதையும் அவன்தான் வாங்க வைத்தான். எழுந்து போய்விட்டால் என்ன. வயிற்று வலி என்று படுத்துவிட்டால் என்ன. படுத்தால் படுக்கையறைக்கு போனோடு வருவான், அக்காவுக்கு உடம்பு சரியில்லை, பாருங்க மக்களே, ரியலா. நான் கோபப்பட்டு எத்தனை நாளாகிறது தெரியுமா யாருக்காவது. தினம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கத்துகிறேன், கத்தச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள், அக்கா என்னைத் திட்டுங்க, அக்கா இன்னிக்கு என் பொறந்தநாள் ஒரு திட்டு போடுங்க, அக்கா என் புருஷனைத் திட்டுங்க பேரு மணிமாறன். நானும் திட்டுகிறேன், பிரசாதம் கொடுக்கிற மாதிரி. போன வாரம் குணசேகரன் என்னைக் கேட்காமல் என் நகையை எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்துவிட்டு வந்தார். நிஜமாகவே ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தேன். அவர் சிரிக்கிறார். ஓரகத்தி அடுக்களையிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்று சிரிக்கிறாள். "அப்படியே லைவுல பேசற மாதிரியே இருக்குது" என்கிறாள். நான் தொடங்கிய வாக்கியம் பாதியில் என் வாயிலேயே செத்துப்போனது. என்னிடம் இருந்த ஒரே ஒரு சொந்தப் பொருள் கோபம், அதையும் கடையில் தொங்கவிட்டாயிற்று. இப்போது மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், இந்த உறுத்தல். இதை யாருக்கும் காட்டியதில்லை. இதை வைத்து எவனும் ஒரு சேலை விற்றதில்லை. ராத்திரி படுக்கும்போது நான் கெட்டவள் என்று எனக்குத் தெரிகிறதே, அது மட்டும் என்னுடையது. அவள் வந்து உட்காரப்போகிறாள். விஷ்வேஷ் திட்டச் சொல்வான். நான் காது செவிடா என்பேன், அவள் பேந்தப் பேந்தப் பார்ப்பாள், ஜனங்களுக்கு உறைக்கும். அப்புறம் என்னை என்னவெல்லாம் எழுதுவார்கள். எழுதட்டும். இந்தக் கடையில் ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள், எழுதட்டும் என்று எப்படிச் சொல்வது. வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம்.

விஷ்வேஷ் மட்டும் உள்ளே வந்தான். அவளைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறானாம், காப்பி கொடுத்திருக்கிறானாம். "நீங்க இப்பப் பாக்க வேண்டாம்கா. முகத்துல வர்ற முதல் ரியாக்ஷன் லைவ்ல வரணும்." போனை ஸ்டாண்டில் மாட்டி, பின்னால் வெள்ளைப் பலகையை வைத்தான், அதில்தான் எனக்குக் குறிப்பு எழுதிக் காட்டுவான். எனக்கு எழுதிக் காட்டுகிறான் பாருங்கள், விலையை எழுதாதே என்கிறவன். பதினொன்று. சிவப்புப் புள்ளி. வாய் தானாகத் திறந்தது, வந்துட்டீங்களா, சோறாக்காம வந்துட்டீங்களா, என்று ஏதேதோ வந்தது, ஆறாயிரம், ஆறாயிரத்து ஐநூறு, மாம்பழ மஞ்சளை விரித்தேன், கை ஈரமாக இருந்தது. பெயர்கள் ஓடின. முதல் முறையாகத் துறையூர் செங்கமலம் அதில் இல்லை. கதவு திறந்தது. நான் நினைத்து வைத்திருந்த ஆள் இல்லை. ஒல்லியாக, குட்டையாக ஒரு பெண்ணை நினைத்து வைத்திருந்தேன், ஏன் என்று தெரியாது. இவள் உயரம், ஐம்பது வயதிருக்கும், நீலச் சேலையை அழுந்த இஸ்திரி போட்டுக் கட்டியிருந்தாள், கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி. வந்து என் எதிர் ஸ்டூலில் நேராக உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். தினமும் பார்த்த இடம். திட்டு திட்டு திட்டு என்று திரை முழுக்க ஓடுகிறது. விஷ்வேஷ் என் காதருகே குனிந்தான். மைக்கில் விழாமல் சொன்னான்: "அக்கா, மெதுவா, வாயை நல்லாத் தொறந்து பேசுங்க. அப்பத்தான் அவங்களுக்குப் புரியும்." அவளுக்குக் காது கேட்காது என்று இவனுக்குத் தெரியும். அவனைத் திரும்பிப் பார்த்தேன். "ஆர்டர் போன்ல அவங்க போட்ட மெசேஜ நான் அப்பவே பாத்துட்டேன்கா" என்றான், ஏதோ எனக்கு நல்லது செய்து வைத்தவன் மாதிரி. "இன்னிக்குன்னுதான் எடுத்து வெச்சிருந்தேன். நீங்க அழுவீங்க, நெஜமா அழுவீங்க, எனக்குத் தெரியும். இதுக்கு மேல ஒரு ரியல் இல்லக்கா." பின்னால் போய்ப் பலகையில் எழுதினான்: அழுகை வந்தால் அடக்காதீங்க.

பாவி. படுபாவி. என்னுடைய கடைசிச் சாமானையும் எடுத்து விரித்துவிட்டான். இதோ மக்களே குற்ற உணர்ச்சி, அசல் சரக்கு, ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு. அழுகை வந்தது. கண்ணுக்குப் பின்னால், மூக்கெலும்பில், கொதித்துக்கொண்டு வந்தது. நிஜமான அழுகை, அதனால்தான் அதன்மேல் அத்தனை ஆத்திரம் வந்தது. இது அவனுக்குக் கிடைக்கக் கூடாது. இந்த ஏழாயிரம் பேருக்குக் கிடைக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டால் இவளிடம் கேட்க வேண்டும், எனக்கும் இவளுக்கும் நடுவில், ஒருத்தரும் பார்க்காமல், சுத்தமாக. எழுந்தேன். போனில் சிவப்பை அழுத்தினேன். முடிக்கவா என்று கேட்டது, ஆமாம் என்று அழுத்தினேன். "அக்கா! அக்கா என்ன பண்றீங்க!" என்று அவன் கத்தினான், போடா வெளியே என்று நான் கத்தினேன், ஒரு வருடத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் நிஜக் கத்தல் அது, அவன் சிரிக்கவில்லை, சுவரோரம் ஒதுங்கி நின்றான். நான் அந்தப் பெண்ணின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கண்ணீர் தாரையாக ஓடியது, ஓடட்டும் என்று விட்டேன். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, வாயைத் திறந்து சொன்னேன். மன்னிச்சிருங்க. நான் செஞ்சது தப்பு. ஒரு வருசமா பதில்கூடப் போடல. மன்னிச்சிருங்க. என்னவோ இறங்கியது எனக்குள், அத்தனை லேசாக இருந்தது, வாழ்க்கையில் முதல் முறையாக யாருக்காகவும் இல்லாமல் ஒன்றைச் செய்துவிட்டேன் என்று இருந்தது. அவள் என் வாயைப் பார்த்தபடியே இருந்தாள். புரிந்தது என்று முகத்தில் தெரிந்தது. அப்புறம் போனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது ஓடுதா?" என்று கேட்டாள். தன் குரல் தனக்குக் கேட்காதவர்கள் பேசுகிற பெரிய, ஒரே சீரான குரல். நான் இல்லை என்று தலையாட்டினேன். "அணைச்சிட்டீங்களா?" ஆமாம் என்றேன். அவள் முகம் இறுகியது. "என்னயத் திட்டறப்ப அணைச்சிட்டா திட்டுனீங்க?" அறை முழுக்க அந்தக் குரல் அடித்தது. "எங்க தெருவுல சின்னப் புள்ளைங்க முதக்கொண்டு அதக் காட்டிக் காட்டிச் சிரிக்குதுங்க. எங்க நாத்தனா அவ போன்ல பாட்டுக்குப் பதிலா அதத்தான் வெச்சிருக்கா, எனக்குத்தான் கேக்காதே, நான் சமையக்கட்டுல நிக்கறப்பவே ஒலிக்க வுடுவா. நான் தெனம் பதினோரு மணிக்கு ஒங்க வாயப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். இன்னைக்கு மன்னிப்புக் கேப்பாங்க, இன்னைக்குக் கேப்பாங்கன்னு. எல்லாரு முன்னாடியும் கேப்பாங்கன்னு இந்தத் தம்பி எழுதித்தான் நான் பஸ் ஏறி வந்தேன். எங்க நாத்தனா, தெருச் சனங்க எல்லாம் டிவில போட்டுட்டு ஒக்காந்திருக்காங்க. நீங்க மூடிட்டு, எங்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்றீங்க. இத வெச்சு நான் என்ன பண்றது?" நான் என் கண்ணைத் துடைத்தேன். சுத்தமாக என்று நினைத்தேனே, யாருக்குச் சுத்தம். எனக்குத்தான். அவள் சேலையைச் சரி செய்துகொண்டு, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போடுங்க" என்றாள். விஷ்வேஷ் சுவரோரமிருந்து அசையவில்லை. நானே எழுந்து போட்டேன். இரண்டு, இருபத்தொன்று, நூற்றுப்பத்து. அக்கா என்னாச்சு, அக்கா அழுதீங்களா, அக்கா செம ஆக்டிங். வாயைத் திறந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். இப்போது அவள் என் வாயைப் பார்க்கவில்லை, போனுக்குப் பக்கமாகக் குனிந்து, வருகிற பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். "இருங்க" என்றாள் அந்தப் பெரிய குரலில். "எங்க நாத்தனா இன்னும் வரல. வரட்டும்."